நமக்காக யார் காத்திருக்கிறார்கள்?

ஓய்வு பெற்றவனுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. நடக்கணும், மூச்சுப் பயிற்சி செய்யணும், உப்பைக் குறைக்கணும், சுடோகு போடணும், காசி ராமேஸ்வரம் போய் வரணும். பென்ஷனர் கூட்டத்துக்குப் போனால் ஒரு டாக்டர் வந்து இதையே சொல்வார். நாமும் கை தட்டிவிட்டு, போண்டாவும் காபியும் சாப்பிட்டுவிட்டு வருவோம். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. நானும் தினமும் கடற்கரைச் சாலையில் நடக்கிறவன்தான். ஆனால் இந்த யோசனைகள் எல்லாம் உடம்பை ரிப்பேர் இல்லாமல் வைத்துக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. அப்படிக் காப்பாற்றி வைத்த உடம்பைக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்வதில்லை.

குமாஸ்தா வேலையைப் பெரிய வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் என் மேஜையில் கிடக்கும் கோப்பு எப்போது நகரும் என்று வராந்தாவில் ஒருவர் காத்திருப்பார். காய்ச்சல் என்று லீவு போட்டால்கூட அந்த ஆளின் முகம் ஞாபகத்துக்கு வரும். ரிட்டையர் ஆன மறுநாள் சம்பளம் பாதியாகிறது, அதற்குப் பழகிக்கொள்கிறோம். காத்திருப்பவர்கள் எண்ணிக்கையோ ஒரே நாளில் பூஜ்யமாகிறது. அதற்குத்தான் பழக முடிவதில்லை. மாலையில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களைப் பாருங்கள். பணக் கஷ்டம் உள்ளவர்கள் சிலர்தான். மீதிப் பேருக்கு இருப்பது இந்தக் கஷ்டம். அதனால்தான் காலையில் கண் விழித்ததும் முப்பது பேருக்கு ரோஜாப்பூப் படத்தோடு குட்மார்னிங் அனுப்புகிறோம். யாராவது பதில் போட்டால் நமக்காகவும் ஓர் ஆள் இருக்கிறார் என்று ஒரு திருப்தி.

வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. என் மனைவிக்கு யாரும் ஓய்வு உத்தரவு கொடுக்கவில்லை. பால்காரரில் இருந்து பேத்தி வரை காலை ஆறு மணிக்கே அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். இது நியாயமா என்பதைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். பொழுதுபோக்கைத் தேடாதீர்கள். நம்மிடம் இருப்பதில் எது இன்னொருவருக்கு வேண்டியிருக்கிறது, அவருக்கு அது வேறு எங்கே கிடைக்காது என்று தேடுங்கள். நம் புதுச்சேரிக்காரர்களுக்கு, அதிலும் பிரெவே வரையாவது பிரெஞ்சில் படித்தவர்களுக்கு, அப்படி ஒன்று கையிலேயே இருக்கிறது.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தோம். அதற்கு முன் இந்த ஊரில் பிறந்தவர், மணந்தவர், இறந்தவர், வீடு வாங்கியவர் கணக்கு பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. அந்தக் காகிதங்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. பாகப்பிரிவினைக்கு வேண்டும், வாரிசுச் சான்றுக்கு வேண்டும். 1962-இல் இருந்து ஆறு மாதத்துக்குள் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தாரா என்று பார்க்கவும் வேண்டும். ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

பிரெஞ்சு தெரிந்த இளைஞர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் நொத்தேர் கையெழுத்து அவர்களுக்குக் கோழி கிளறியது மாதிரி தெரிகிறது. நாம் திக்தே எழுதி, விரல் மூட்டில் அடி வாங்கி, மை தொட்டு வளைத்து வளைத்து எழுதப் பழகியவர்கள். நம் தாத்தாக்கள் எழுதிய எழுத்தின் கடைசி வாரிசு நாம்தான்.

சொல்லும் மாறியிருக்கிறது. பத்திரத்தில் பெயருக்கு முன்னால் ‘ஃபே’ என்று இருந்தால் காலஞ்சென்றவர் என்று பொருள். ஒரு பையன் செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான். அதில் அவனுடைய பாட்டனார் ‘நெருப்பு ராமசாமி’ ஆகியிருந்தார்! அந்தச் சொல்லுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு, செல்போனைக் குற்றம் சொல்ல முடியாது.

சிரிப்பதற்கு இல்லாத விஷயமும் வரும். பழைய காகிதங்களில் மாதத்தைச் சுருக்கி எழுதுவார்கள். 7 என்று போட்டு அதன் தோளில் பொடியாக ‘ப்ர்’ என்று எழுதினால் அது ஏழாவது மாதமாகிய ஜூலை இல்லை, செப்டம்பர். ஏழுக்கு பிரெஞ்சில் ‘செத்’, அதோடு ‘ப்ர்’ சேர்ந்து செப்தாம்ப்ர். அதேபோல 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர், ரோமன் பத்து போட்டிருந்தால் டிசம்பர். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, அந்தக் கணக்கு பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முத்தியால்பேட்டையில் இருந்து ஓர் அம்மா வந்தார். கொள்ளுப்பாட்டனார் வீட்டுக்கு இரண்டு கிளை வாரிசுகள், பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெரியவர் 1891 அக்டோபரில் இறந்ததாக யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் தம் பங்கை எழுதிக் கொடுத்த பத்திரமோ அதே வருடம் நவம்பர் தேதியில் இருக்கிறது. செத்தவன் எப்படிக் கையெழுத்துப் போட்டான், பத்திரம் பொய் என்பது எதிர்த்தரப்பு வாதம். இறப்புப் பதிவின் நகலைப் பார்த்தேன். ஓரத்தில் ரோமன் பத்து, பக்கத்தில் ‘ப்ர்’. பத்தாவது மாதம் என்று அக்டோபராக்கி இருக்கிறார்கள். உள்ளே வாசகத்தில் தேதி எழுத்தாலேயே இருந்தது, தெசாம்ப்ர் என்று தெளிவாக. பெரியவர் பத்திரம் எழுதிய பிறகுதான் இறந்திருக்கிறார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்போ எங்க மாமனார் பொய் சொல்லலைங்களே முசே” என்று மட்டும் கேட்டார். வீட்டைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

பெயர்ச் சிக்கல் தனி. ‘உ’ ஒலிக்கு பிரெஞ்சில் இரண்டு எழுத்து வேண்டும். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் ‘இஸட்’ போல ஒலிக்கும், அதனால் ராமசாமிக்கு இரட்டை ‘எஸ்’ போடுவார்கள். ஆதார் அட்டையில் ஆங்கில வழக்கப்படி இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவர் வேறு அவர் வேறு என்று ஒரு மேஜையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், அவர்கள் பயம் எனக்குப் புரியும். ஆனாலும் வெளியே நிற்கிறவருக்கு இந்த விளக்கத்தைச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

பிரெஞ்சு தெரியாதவர்கள், எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாம். நவம்பர் மாதம் நாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிற மாதம். 2014-இல் இருந்து உயிர்ச்சான்றைக் கணினியிலேயே கொடுக்கலாம் என்றார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் எண்பது வயது விரலில் ரேகை பதிவதில்லை. செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம் என்று இப்போது வந்துவிட்டது. அது தெரியாமல் ஆட்டோ வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சொல்தாக்களின் விதவைகளுக்கு பிரான்சில் இருந்து வரும் படிவம் வேறு. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தெருவில் இருந்தால், டாக்டர் சீட்டில் எது காலை மாத்திரை எது இரவு மாத்திரை என்று கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா?

பிள்ளைகள் தடுப்பார்கள். “உங்களுக்கு எதுக்குப்பா ஊர் வம்பு” என்பான் என் மகன். அவன் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதனால் சில வரம்புகள் வைத்திருக்கிறேன். அசல் காகிதத்தை வீட்டில் வாங்கி வைப்பதில்லை, நகல்தான். அத்தாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை. அதற்கு உரிய மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பிவிடுவேன். யார் பங்கு யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வதில்லை. காசு வாங்குவதில்லை. காசு வாங்கினால் நாம் புரோக்கர் ஆகிவிடுவோம். வாழைப்பழம் கொண்டு வந்தால் மறுப்பதும் இல்லை.

இதில் ஒரு ஆபத்து உண்டு. நம்மைத் தேடி ஆள் வருவது ருசியாக இருக்கும். அந்த ருசியில் வித்தையைப் பூட்டி வைக்கத் தோன்றும். பழைய ஆபீஸ்களில் எந்த ரிஜிஸ்டர் எங்கே என்று தனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்தியவர்களை நாம் பார்த்திருக்கிறோமே. மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-இல் திறந்துவிட்டார்கள். பணமும் வரைபடமும் இருந்தால் கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். அதில் உட்கார்ந்து எழுதியவர்களின் கையெழுத்தைப் படிக்கும் கண்ணை எந்த வரைபடத்தை வைத்துக் கட்டுவது?

அதனால் சனிக்கிழமை காலைகளில் பிரெஞ்சு எம்.ஏ. படிக்கும் ஒரு பெண்ணும், ஊர் சுற்றிக் காட்டும் வேலை பார்க்கும் ஒரு பையனும் என்னிடம் வருகிறார்கள். முதலில் எழுத்து, பிறகு சுருக்கம், பிறகு எண். மூன்று மாதத்தில் பிறப்புப் பதிவை இருவரும் தட்டுத் தடுமாறாமல் படிக்கிறார்கள். நொத்தேர் பத்திரம் இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கு நான் ஒருவன் போதும், பத்துப் பேர் வந்தால் போதாது. இதைப் படிப்பவர்களில் பிரெஞ்சில் படித்தவர்கள் இருந்தால், பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். வீடு நம்மவர்களுக்குத் தெரியும். பூதக்கண்ணாடியை மட்டும் அவரவர் கொண்டு வரவும், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.