கொதிக்கிற வண்டியும் குக்கர் மூடியும்

சகோதரிகளே, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு குக்கர் மூடியை உங்களில் யாராவது திறப்பீர்களா? மாட்டீர்கள். ஆவி அடங்கட்டும் என்று பேசாமல் காத்திருப்பீர்கள். அந்தப் புத்தி நடுச் சாலையில் எனக்கு இல்லாமல் போயிற்று!

என் அக்காவிடம் பழைய லான்ஸர் கார் ஒன்று இருக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் ஜப்பானிய மித்ஸுபிஷியுடன் சேர்ந்து 1998-ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து வெளியிட்ட ரகம். அதன் பந்தய உருவமான லான்ஸர் எவொல்யூஷனை ஓட்டித்தான் பின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். அக்காவின் வண்டி சாதாரணக் குடும்ப வண்டிதான். ஆனால் அவள் கண்ணுக்கு அது பந்தயக் குதிரை!

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு வளைகாப்புக்குப் புறப்பட்டோம். செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வந்தது. யுத்த காலத்து விமான ஓடுதளமாக இருந்து, பிறகு பல வருஷங்கள் மோட்டார் பந்தயம் நடந்த இடம். அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே போனோம். உஷ்ணமானியின் முள் சமர்த்தாக நடுவில் நின்றது.

சிப்காட் பக்கம் லாரி வரிசையில் சிக்கியதும் முள் ஏறத் தொடங்கியது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் 'புஸ்' என்று ஆவி. நான் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன்.

"தொடாதீங்கம்மா! முகம் வெந்துடும்!" என்று லாரியிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

அவர் மகராசனாக இருக்கவேண்டும். அந்த மூடி உள்ளே அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால், நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சென்டிகிரேட் உயரும். அதனால் 100 டிகிரிக்கு மேலும் நீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி மேலே அடிக்கும். குக்கர் சமாசாரமேதான்!

பெரியவர் அரை மணிக்கு மேல் காத்திருக்கச் சொன்னார். "முன்னாடி குனியறப்போ முந்தானையைச் செருகிக்குங்க. சில வண்டியிலே எஞ்சின் நின்ன பிறகும் விசிறி தானா சுத்தும்" என்றும் எச்சரித்தார்.

பிறகு கேட்டார்: "ஓடறப்போ சூடாச்சா, நிக்கறப்போ சூடாச்சா?"

இந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. வேகமாக ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் விசிறிதான் கதி. ஆகவே, நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் விசிறியைப் பாருங்கள். ஓடும்போதும் சூடேறினால் நீர்க் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், நீர்ப் பம்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டியில் விசிறியின் ஃபியூஸ் கருகியிருந்தது. ஆனால் ஆறிய பின் மூடியைத் திறந்தபோது இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. அக்கா வருஷக்கணக்காக ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறாள்! வெந்நீர்த் தவலையின் அடியில் படியுமே, அந்த உப்புப் படலம் உள்ளேயும் படிந்திருந்தது. குற்றம் வண்டியுடையது அல்ல, எங்களுடையது. காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட்டை அதன் புட்டியில் சொன்ன அளவு கலந்து ஊற்றுவதே முறை.

முள் ஏறக் கண்டால் உடனே ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். உங்களுக்குத்தான் வியர்க்கும், எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டால் யோசிக்காமல் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

ஒழுகாமலே நீர் குறைகிறதா? பின்னால் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? எண்ணெய்க் கம்பியை உருவினால் பால் விட்ட காப்பி நிறமா? அப்படியானால் எஞ்சின் தலையின் காஸ்கெட் போயிருக்கலாம். ஒரு பர்லாங்குகூட ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். அதற்கு மேல் ஓட்டினால் அலுமினியத் தலை கோணி, செலவு பல மடங்கு ஏறிவிடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடிந்து, கலந்த சாதமும் ஆறிப்போயிருந்தது. ஆனாலும் என் முகம் முழுசாக இருந்ததே, அது போதாதா? இப்போதெல்லாம் அக்கா வெள்ளிக்கிழமை தோறும், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், நீர் மட்டத்தைப் பார்த்துவிடுகிறாள். பந்தயக் குதிரையானால் என்ன, வேளாவேளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டாமா?