துரோவாவில் விட்டுவந்த மேலங்கி



நமது வாலிபர் முகாம் டிசம்பரில் கொடைக்கானலில் நடைபெறவிருக்கிறது. 2,000 மீட்டருக்கும் உயரமான அம்மலையில் இரவுக்குளிர் கடுமையானது. நனைந்த பருத்தி உடை குளிரைத் தாங்காது. ஆகவே கம்பளிச் சட்டை, குல்லா, மாற்றுக் காலுறை, மழைக்கோட்டு, டார்ச் விளக்கு ஆகியவற்றை ஆயத்தப்படுத்துங்கள்.

இப்படி ஆயத்தப்படுவதை அவிசுவாசம் என்று சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. மரணத்தை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த பவுல் அப்போஸ்தலனே, துரோவாவில் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரவும் மாரிகாலத்துக்குமுன் வந்துசேரவும் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (2 தீமோத்தேயு 4:13, 21). பரலோகத்தை நோக்கியிருந்தவர் குளிரை மறக்கவில்லை.

எனினும் ஒரு காரியம் என் உள்ளத்தை உறுத்துகிறது. சென்ற ஆண்டு ஒரு தம்பி, படிக்கவேண்டியிருக்கிறது என்று சொல்லி முகாமுக்கு வராதிருந்தான். ஸ்வெட்டர் இல்லாததே காரணம் என்பதைப் பின்னரே அறிந்தேன். விசாரியாதது என் தவறு. நம் அலமாரிகளிலோ பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன கம்பளி உடைகள் மடித்தபடியே கிடக்கின்றன.

இரண்டு அங்கிகளை உடையவன் என்ன செய்யவேண்டும் என்பதை யோவான் ஸ்நானன் தெளிவாகவே போதித்தார் (லூக்கா 3:11). ஆகையால் உங்கள் பிள்ளையின் பையை ஆயத்தம்பண்ணும்போதே இன்னொரு பிள்ளைக்கும் ஒன்றை எடுத்துவையுங்கள். துவைத்து, போதகர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எவரும் அறியவேண்டாம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.