மருந்துக் கவுண்டரில் நம் பிள்ளைகள்

எஸ்.பி.எம். முடித்ததும் மருந்தகத்தில் வேலைக்குச் சேரும் நம் பெண்பிள்ளைகளைப் பாருங்கள். புற்றுநோய், சிறுநீரக மருந்துகள் தரும் சிறப்பு மருந்தகங்களிலும் பெட்டி அடுக்குவது, லேபல் ஒட்டுவது, தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு "இது சாப்பாட்டுக்கு முன்னே, அது பின்னே" என்று புரியவைப்பது அவர்கள்தான். அந்த மொழிபெயர்ப்புக்குத் தனிச் சம்பளமா கொடுக்கிறார்கள்?

பத்து வருடம் நின்றாலும், சான்றிதழ் இல்லையென்றால் கவுண்டர் வேலைதான். அரசாங்க மருத்துவமனையில் உதவி மருந்தக அதிகாரியாக மனுச் செய்ய மருந்தியல் டிப்ளோமா வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பி.டி.பி.டி.என். கடன் கிடைத்துவிட்டதே என்று கையெழுத்துப் போடாதீர்கள். தற்காலிக அங்கீகாரம் உள்ள படிப்புக்கும் கடன் கிடைக்கும்! முழு அங்கீகாரம் உண்டா என்று எம்.கியூ.ஏ. பட்டியலில் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடச் சொல்லுங்கள்.