கடல் மசோதாவும் கரை மாந்தரும்

சென்ற விடுமுறையில், தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னக்காயலில் சில நாள் தங்கியிருந்தேன். கரையிலே கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நான் கல்லூரியிற் பயில்பவன் என்றறிந்ததும், "தம்பி, கடலுக்கடியில் மண்ணெடுக்க ஏலம் விடுவதற்குச் சட்டம் வந்துவிட்டதாமே, எங்களை ஒருவரும் கேட்கவில்லையே?" என்றார். விடை கூற இயலாது திரும்பினேன்.

அவர் குறித்தது கடற்பகுதிக் கனிமங்கள் பற்றிய திருத்த மசோதா. அது 2023 ஜூலை 27-ஆம் தேதி மக்களவையிற் கொண்டுவரப்பட்டு, ஆகஸ்டு 1-இல் அங்கும், 3-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறிற்று. ஐம்பது ஆண்டுக் குத்தகைக்கு இடந்தரும் சட்டத்திற்கு ஒரு வாரம்!

ஒரு மசோதா மும்முறை வாசிக்கப்படும் என்பதை நாம் பாடப்புத்தகத்திற் படித்திருக்கிறோம். முதல் வாசிப்பு அறிமுகம் மாத்திரமே. மூன்றாவது பெரும்பாலும் சடங்கு. மசோதாவின் உயிர்நிலை இரண்டாம் வாசிப்பில் உள்ளது. அப்பொழுது அதனை உடனே ஆலோசனைக்கு எடுக்கலாம். தெரிவுக் கமிட்டிக்கோ, இரு அவைகளின் கூட்டுக் கமிட்டிக்கோ அனுப்பலாம். பொதுஜன அபிப்பிராயம் அறியும்பொருட்டு வெளியிடவும் விதியுண்டு. 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்களும் உள்ளன. கமிட்டி கதவடைத்த அறையிற் கூடுவது, கைதட்டுவார் அங்கில்லை. ஆதலின் உறுப்பினர் கட்சியைச் சற்றே மறந்து ஷரத்துக்களைப் படிக்கின்றனர். வெளியாரை அழைத்துச் சாட்சியமும் கேட்கின்றனர். எனினும் 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 மசோதாக்கள் கமிட்டிகளுக்குச் சென்றிருக்க, 2019 முதல் 2024 வரை இருந்த அவையில் ஏறத்தாழ 16 மட்டுமே சென்றன.

கமிட்டியால் என்ன பயன், காலதாமதந்தானே என்பாருளர். அதே கூட்டத்தொடரில் நிறைவேறிய வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா கூட்டுக் கமிட்டிக்குச் சென்று, ஒரு மாற்றமுமின்றித் திரும்பியது உண்மையே. ஆயினும் மறுத்தோரின் குறிப்புகள் அறிக்கையில் ஏறின. நாளை எவரும் எடுத்துப் படிக்கலாம். காட்டுக்குக் கிடைத்த அவ்வளவு கூடக் கடலுக்குக் கிடைக்கவில்லை. குற்றம் அரசினருடையது மட்டுமன்று. மணிப்பூர் குறித்து அவையில் அமளி மிகுந்த நாட்கள் அவை; எதிர்க்கட்சியார் எழுப்பிய கூச்சலிடையே மசோதா எளிதிற் கடந்துபோயிற்று.

மொழியோ வேறொரு தடை. பார்லிமெண்டு மசோதாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகின்றன. அயல்நாட்டினராகிய அண்டிறீக்கி அடிகளார், புன்னக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்று, இக்கரையார்க்குக் கூறவேண்டியதை 1578-இல் கொல்லத்தில் தமிழிலேயே அச்சிடுவித்தார். அன்று இயன்றது இன்று ஏன் இயலாது? வரைவுச் சட்டங்களை முப்பது நாளேனும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டுமென மத்திய அரசே 2014-இல் ஒரு நெறியை வகுத்தது. அது சட்டமன்றாதலின், மீறினாலும் மசோதா செல்லும். அதனை அவையின் விதியாகவே ஆக்குதல் வேண்டும். கடற்றொழிலைத் தொடும் மசோதாவாயின் கரையோர மொழிகளில் வெளியிட்டு, கமிட்டியாரும் கரைக்கு வந்து கேட்டல் வேண்டும்.

கேளாது விட்டதன் விளைவு அக்கொல்லத்திலேயே தோன்றிற்று. 2024 நவம்பரில் அதன் கடலடி மணல் ஏலத்திற்கு வந்தது, மீனவர் கிளர்ந்தெழுந்தனர், 2025 மார்ச்சில் கேரள சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. டில்லியில் ஒரு கமிட்டி அறையில் கேட்கவேண்டிய வாதங்கள் தெருவிற் கேட்கப்பட்டன.

அச்சட்டத்தின் சுருக்கமொன்றை எளிய தமிழில் எழுதத் தொடங்கியுள்ளேன். வரும் விடுமுறையில் அம்முதியவரிடம் அதனைப் படித்துக் காட்டுவதாக எண்ணம். நம் மாணவர் இருவர் உடன்வர இசைந்திருக்கின்றனர்.