பதுளை ஆசிரியருக்கு 'ஸ்டோர்' வாசல் திறக்குமா?

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்து மக்கள் இன்றும் 'ஸ்டோர்' என்றே அழைப்பர். பதுளை பஸ் நிலையத்தில் ஒருநாள் விஞ்ஞான ஆசிரியர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. தாயார் கொழுந்தெடுத்தவர், அவர் கற்பிக்கும் பாடசாலைக்குக் கீழேயே ஸ்டோர். உள்ளே சென்றதுண்டா என்று வினவினேன். "வேலை கேட்டுத்தான் அங்கே போகலாம் ஐயா" என்றார்.

1890இல் லிப்டன் தம்பேதென்னவில் கட்டிய தொழிற்சாலையை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கிறார். நம் ஆசிரியருக்கோ அது அந்நிய வாசல்!

மலையகத் தமிழருக்கென 75 கோடி இந்திய ரூபா உதவியை இந்தியா 2023 ஜூலையில் அறிவித்தது. 2024இல் இந்தியப் பயிற்றுநர்கள் வந்து பெருந்தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு விஞ்ஞான, கணிதப் பயிற்சி அளித்தனர். நன்றியோடு ஏற்போம். ஆயினும் அடுத்த படி மண்டபத்துக்குள் இல்லை என்பதே என் வாதம்.

கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு நீர்; பெட்டிக்குள் போகும் தேயிலையில் எஞ்சுவது ஏறத்தாழ 3 வீதம். இடையில் வாட்டுதல், உருட்டுதல், நொதியங்களால் நிறமாறுதல், உலர்த்துதல். இப்போது கமராவால் நிறமறிந்து தண்டைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. உயர்தரப் பௌதிகம், இரசாயனம், பொறியியல் தொழில்நுட்பம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்க, அவற்றைக் கரும்பலகையில் வரைந்துகாட்டுகிறோம். என்ன கொடுமை!

அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் பாடசாலை ஆசிரியரைக் கோடை விடுமுறையில் ஏறத்தாழ ஆறு வாரம் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அமர்த்துகிறது. நவீன உற்பத்தித் தொழில்நுட்பமும் அதில் அடக்கம். அவர் அங்கே கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர், ஆய்வு செய்பவர். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பே அங்குண்டு. ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் வறண்ட காற்று வீசுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வழமையான ஆகஸ்ட் விடுமுறையும் அதற்குள் அடங்கும். காற்றின் ஈரப்பதம் குறையும்போது கொழுந்து வாடும் நேரம் எவ்வளவு மாறுகிறது? ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு விறகு எரிகிறது? ஓர் ஆசிரியர் தம் கையால் அளந்து விடைகண்டு, அந்த எண்களோடு வகுப்புக்குத் திரும்பட்டுமே.

"ஆசிரியரே போதவில்லை, ஆய்வு வேறா?" என்பர். அறிவேன். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கோ மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு என்ற நிலையும் இருந்தது. மலையகத்துக்குக் குறைந்தது போதும் என்று எண்ணிய அதே மனம்தான் இப்போதும் பேசுகிறது.

பத்து ஆசிரியர், ஒரு விடுமுறை, ஒரு ஸ்டோர். முதலில் கதவு திறக்கும் கம்பனியின் பெயரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.