புது வண்டி ஏன் பாதியில் நிற்கிறது?

ஓரிக்கையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையைக் கடப்பார்கள். கார் தொழிற்சாலைக்குப் பேர்போன ஊர். அங்கே சுமார் 3.7 கி.மீ. நீளத்துக்கு ஒரு பந்தயத் தடமும் உண்டு. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து மோதிய 'சுப்ரா' போட்டி, 2011-இல் முதன்முதலாக நடந்தது அந்தத் தடத்தில்தான். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இப்படிப்பட்ட போட்டிகளைப் பார்த்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூலம் 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் அதிகமாக 275, 22 கி.மீ. ஓடி முடிக்கும் 'எண்டூரன்ஸ்' சுற்றுக்கு. 22 கி.மீ. என்ன பெரிய தூரமா? நம்ம ஊர் டவுன் பஸ்கூட ஓடிவிடும்! ஆனால் உலகம் முழுக்க இந்தச் சுற்றில்தான் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

நின்றதும் டிசைனைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காலை வாருவது சில்லறைச் சாமான்தான். இறுக்காத போல்ட், தளர்ந்த செயின், உரசி அறுந்த ஒயர், ஆயில் கசிவு. பாதி தூரத்தில் ஓட்டுநர் மாற வேண்டும். அதற்கு மூன்று நிமிடம்தான். இன்ஜின் கொதித்துப் போயிருக்கும். ரேடியேட்டர் ஃபேனும் பெட்ரோல் பம்பும் சேர்ந்து சின்ன பேட்டரியை உறிஞ்சியிருக்கும். இரண்டாவது ஓட்டுநர் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார்... சத்தமே வராது. ஒரு வருட உழைப்பு அந்த மூன்று நிமிடத்தில் போய்விடும்.

சூடான இன்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்பிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. அதற்குக்கூட நாள் மிச்சம் இல்லாதபடி, கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி வரை வெல்டிங் செய்வதுதான் தப்பு. புது வண்டியில் கோளாறு வருவது தப்பே இல்லை. ஓரிக்கைப் பக்கம் விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழை அறுந்ததற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. தறியில் ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால்தான் வம்பு.

கோளாறு தேடுவதிலும் அவசரம்தான். பிளக், பெட்ரோல் அளவு, ஒயரிங் மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றுவார்கள். வண்டி கிளம்பிவிடும். எதனால் கிளம்பியது? யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதிவைத்தால் அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் விடை கிடைக்கும்.

பிரேக் விஷயம் வேறு. மிதித்தால் பெடல் மெத்து மெத்தென்று இறங்குகிறதா? குழாயில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். நான்கு சக்கரமும் ஒருசேர லாக் ஆகாத வண்டியைத் தடத்தில் விடமாட்டார்கள். "எப்படியாவது செக்கிங் தாண்டட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நினைக்கும் அணி, உள்ளே உட்காரப்போகிற பையனுக்கு என்ன வயது என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

கோவைக்காரர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். அந்த இன்ஜினின் உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஐந்தாறு மாதம் காத்திருந்து வெளிநாட்டுச் சாமான் வாங்கும் அணிகள் இதை யோசிக்கலாம்.

இதே போட்டியில் செலவுக் கணக்குக்கு 100 மதிப்பெண், வியாபாரத் திட்டத்துக்கு 75. ஆனாலும் அணியில் பி.காம். மாணவர் ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். சாமான் எப்போது வரும், சோதனை ஓட்டத்துக்கு எத்தனை நாள் மிச்சம் என்று நோட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டாமா? காமர்ஸ் பிளாக் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது.