கடித்தால் அவுட்! - ஆடுகளைப் பதறவிடாமல் ஓட்டி ஜெயிக்கும் நாய்கள்

நாய்களுக்கான போட்டி என்றதும் என்ன ஞாபகத்துக்கு வரும்? நாலு கால் பாய்ச்சலில் ஓடும் பந்தயம், சீவிச் சிங்காரித்து மேடையில் நடக்கவைக்கும் கண்காட்சி... இல்லையா?

பிரிட்டனின் மலைக்கிராமங்களில் 150 ஆண்டுகளாக நடக்கும் இந்தப் போட்டியில் அழகுக்கு மார்க் கிடையாது. வெறும் வேகத்துக்கும் கிடையாது. தினமும் பண்ணையில் பார்க்கும் அதே வேலையைத்தான் நாய் இங்கேயும் பார்க்க வேண்டும். எங்கோ தூரத்தில் நிற்கும் ஆடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைக்க வேண்டும். ஆனால், ஆடுகள் பதறக் கூடாது.

இதன் பெயர் 'ஷீப்டாக் டிரையல்'.

பாலாவில் தொடங்கிய கதை

வேல்ஸில் இருக்கும் பாலா என்ற சிற்றூரில் 1873, அக்டோபர் 9 அன்று நடந்ததைத்தான் பிரிட்டனின் முதல் போட்டியாகச் சொல்கிறார்கள். நடத்தியவர், ரிச்சர்ட் லாயிட் பிரைஸ் என்ற பண்ணையார். களத்தில் 10 நாய்கள். வேடிக்கை பார்க்க சுமார் 300 பேர். போட்டி நடந்தது வேல்ஸ் மண்ணில் என்றாலும், ஜெயித்தது அங்கே குடியேறியிருந்த தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் நாய். அதன் பெயர் 'ட்வீட்'.

1906-ல் இதற்கென சர்வதேச ஷீப்டாக் சங்கம் உருவானது. 2002-ல் முதல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியபோது, அதற்கும் பாலாவையே தேர்ந்தெடுத்தார்கள்.

மைதானத்தில் என்ன நடக்கும்?

மேய்ப்பர் ஒரு கம்பத்தின் அருகே நிற்பார். பெரிய போட்டிகளில் அங்கிருந்து சுமார் 400 கெஜம் தள்ளி, அதாவது கிட்டத்தட்ட 365 மீட்டர் தூரத்தில் ஐந்து ஆடுகள் நிற்கும். அவர் மெதுவாக ஒரு சொல் சொன்னதும் நாய் கிளம்பும்.

நேராக ஓடினால் ஆடுகள் மிரண்டு சிதறிவிடும். அதனால் வளைந்து சுற்றி, ஆடுகளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். இதற்கு 20 மதிப்பெண். அங்கிருந்து ஆடுகளை அலுங்காமல் நகர்த்தும் முதல் கணத்துக்கு 10. நேர்கோட்டில் மேய்ப்பரிடம் அழைத்து வருவதற்கு 20. அவரிடமிருந்து மறுபடியும் விலக்கி, இரண்டு திறப்புகள் வழியாக முக்கோணப் பாதையில் ஓட்டிப்போவதற்கு 30. மந்தையிலிருந்து சில ஆடுகளை மட்டும் பிரிப்பதற்கு 10. பட்டியில் அடைப்பதற்கு 10. மொத்தம் 100.

இதில் நடுவர் மார்க் போடுவதில்லை, கழிக்கிறார். எல்லோரும் முழு மார்க்குடன்தான் தொடங்குகிறார்கள். ஆடு வழி விலகினால் கழிவு. போகும்போதே மேய்ப்பர் கூடுதலாக ஒரு கட்டளை கொடுத்தாலும் கழிவு. தன் நாயை நம்பி வாயை மூடிக்கொண்டு நிற்பதும் அவருக்கு ஒரு பரீட்சைதான்.

கடைசியில் பட்டியின் கதவைத் திறக்கும்போது, அதில் கட்டிய கயிற்றை மேய்ப்பர் பிடித்துக்கொள்வார். ஆடுகள் உள்ளே போகும்வரை கயிற்றை விடக் கூடாது, ஆட்டைத் தொடவும் கூடாது. ஓர் ஆடு திரும்பி நின்று முன்னங்காலைத் தரையில் தட்டி, "வா பார்க்கலாம்" என்று நாயை முறைக்கும். நாய் பின்வாங்கினால் ஆடு ஓடிவிடும். பாய்ந்தாலோ கதை முடிந்தது. நாய் ஆட்டைக் கடித்துவிட்டால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதுதான். இரண்டு, மூன்று வருடப் பயிற்சி ஒரு நொடியில் வீணாகும்.

ஏன் இவ்வளவு கறார்?

காரணம் பண்ணையில் இருக்கிறது. விரட்டப்படும் ஆடு இளைக்கும். சினை ஆடு மிரண்டு ஓடினால் கரு கலையக்கூடும். ஆடு பதறாமல் நடந்தால்தான் மேய்ப்பருக்குக் காசு. நடுவர் கழிக்கும் ஒவ்வொரு மார்க்குக்கும் பின்னால் ஒரு விவசாயியின் நஷ்டக் கணக்கு இருக்கிறது.

இன்னொரு காரணம் நாயின் ரத்தத்தில் இருக்கிறது. தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பதுக்கி, கண் இமைக்காமல் ஆட்டைப் பார்த்தபடி நகரும் பார்டர் கோலி நாயைக் கவனித்தால் புரியும். அது ஓநாயின் வேட்டை நடை. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடித்துக் கொல்லும் கடைசி கட்டத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து அடக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு நிலைக்கிறதா என்பதைத்தான் ஒவ்வொரு போட்டியும் சோதிக்கிறது.

இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்ட் பகுதியில் 1893-ல் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற நாயை, இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்கிறார்கள். அப்பா ராய் கலகலப்பான நாய். அம்மா மெக் கூச்ச சுபாவம், ஆனால் பார்வையில் அசாத்திய வலு. ஹெம்ப் சத்தம் போடாமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. அதைப் பார்த்த மேய்ப்பர்கள் அதன் குட்டிகளைத் தேடி வந்தார்கள். 1901-ல் இறப்பதற்குள் ஏறக்குறைய 200 குட்டிகளுக்குத் தகப்பனாகியிருந்தது.

திரும்பிப் போ!

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து அணிகள் மோதும் சர்வதேசப் போட்டியின் இறுதிச்சுற்றில்தான் இதயம் எகிறும். அதில் 20 ஆடுகள், இரண்டு கூட்டமாக வெவ்வேறு இடங்களில். நாய் முதல் பத்தை ஓட்டிவந்துகொண்டிருக்கும். பாதி வழியில் மேய்ப்பரின் விசில் கேட்கும். "இதை விட்டுட்டு, திரும்பிப் போ!"

நாய்க்கு இரண்டாவது கூட்டம் கண்ணில் படுவதில்லை. கையில் இருக்கும் ஆடுகளோ கண்ணெதிரே நிற்கின்றன. எதை நம்புவது, தன் கண்ணையா, அந்த விசிலையா? சில நாய்கள் குழம்பி நின்றுவிடும். நல்ல நாய், ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வெறும் புல்வெளியை நோக்கி ஓடத் தொடங்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரம் அது. ஆடுகள் சேர்ந்த பிறகு, கழுத்தில் பட்டை கட்டிய ஐந்தை மட்டும் தனியே பிரித்துப் பட்டியில் அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நிமிடங்கள்.

தோல்விக்கும் மரியாதை

ஆடுகள் மிரண்டு, நிலைமை கைமீறும் நாள்களும் உண்டு. அப்போது மேய்ப்பரே போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதை யாரும் கேலி செய்வதில்லை. ஒரு கோப்பைக்காக ஆட்டையும் நாயையும் வதைக்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் ஒரே கட்டளையில்தான் முடியும். "தட்'ல் டூ." போதும், விட்டுடு. அதுவரை ஆடுகளைவிட்டுக் கண்ணை எடுக்காத நாய், அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஆசையை அப்படியே உதறிவிட்டு எஜமானரின் காலடிக்கு ஓடிவர வேண்டும். இதற்குத் தனியாக மார்க் கிடையாது. ஆனால், அப்படி ஓடிவராத நாயை நம்பி எந்த மேய்ப்பரும் மறுநாள் காலையில் மலைக்குப் போகமாட்டார்.